சுட்டும் திரட்டும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியிலிருந்து வடக்கு நோக்கிச் செல்பவரைச் சாவடிகள் வரிசையாக எதிர்கொள்கின்றன. சின்ன முதலியார்சாவடி, பெரிய முதலியார்சாவடி, நம் பிள்ளைச்சாவடி என ஊர்ப்பெயர்களிலேயே சாவடி தங்கிவிட்டது. வழிநடையாகச் சென்றோர் இளைப்பாறிய இடம் சாவடி. அங்கு உறக்கம் மட்டுமா நிகழ்ந்திருக்கும்? வடக்கிருந்து வந்தவர் தெற்கே போகின்றவருக்கு வழி சொல்லியிருப்பார். எந்தக் கழியில் இறங்கிக் கடக்கலாம், எந்தக் கிணற்றில் நல்ல நீர் கிடைக்கும், யார் வீட்டில் பசிக்குச் சோறு போடுவார்கள் என்பனவெல்லாம் கைமாறியிருக்கும். தான் கண்டதைக் காணாதவருக்குச் சொல்லிவிட்டுப் போவது சாவடியின் அறம்.

நம் இலக்கிய வட்டத்தின் மாதக் கூட்டங்களும் இப்பத்தாண்டுகளில் அத்தகைய சாவடியாகவே இருந்து வந்துள்ளன. கவியரங்கம் தொடங்குமுன் ‘இம்மாதச் சுட்டிகள்’ என்றொரு சிறு நிகழ்ச்சி உண்டு என்பதை உறுப்பினர்கள் அறிவர். இணையத்தில் தாம் கண்ட ஒரு நல்ல கட்டுரையையோ, மின்படியாக வந்துள்ள ஓர் அரிய நூலையோ, அறியப்படாத ஒரு கவிஞரின் பக்கத்தையோ ஒருவர் எழுந்து அறிமுகப்படுத்துவார். மற்றவர் முகவரியைக் குறித்துக்கொள்வர். கணினியில் ‘புக்மார்க்’ எனப்படும் புத்தகக்குறியைத் தனக்கென வைத்துக்கொள்ளாமல் பிறருக்கும் வழங்கும் இவ்வழக்கம், புத்தம் புதியதென்றே நம்மில் பலரும் எண்ணியிருக்கிறோம். தமிழில் அதன் வேர் மிக ஆழமானது. அவ்வேரைக் காட்டுவதும், வேரோடு வந்த ஓர் எச்சரிக்கையை நாம் மறந்துவிட்டதைச் சொல்வதும் இக்கட்டுரையின் நோக்கங்கள்.

வழி சொல்லும் மரபு

இணைய முகவரியைத் தமிழில் சுட்டி என்கிறோம். இச்சொல் இலக்கண வேருடையது. அ, இ, உ என்னும் மூன்றும் சுட்டெழுத்துகள். சேய்மையை அகரமும், அண்மையை இகரமும், இரண்டுக்கும் இடைப்பட்டதை உகரமும் சுட்டும். உகரச் சுட்டு தமிழகத்தில் வழக்கொழிந்தும் யாழ்ப்பாணத்தார் பேச்சில் இன்றும் உயிரோடு இருக்கிறது. சுட்டுக்கு ஓர் இயல்பு உண்டு. அது தன்னளவில் ஒரு பொருளையும் தாங்கி நிற்பதில்லை. சுட்டப்படும் பொருள் அவ்விடத்தில் இருக்கும்வரையே அதற்கு வாழ்வு. ‘அது’ என்று கை நீட்டிய இடத்தில் ஒன்றும் இல்லையெனில், நீட்டிய கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க நேரும்.

சுட்டுதலை ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்த மொழி தமிழ். ஆற்றுப்படை என்பது வேறென்ன? வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், வறுமையோடு எதிரே வரும் மற்றொரு கலைஞனைக் கண்டு, தான் பெற்ற வளத்தைக் கூறி, அவனும் சென்று பெறுமாறு வழிப்படுத்துகிறான். பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படைகளே. அவற்றுள் சிறுபாணாற்றுப்படை நமக்கு அண்மையானது. அதனைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். பாட்டுடைத் தலைவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். பாணன் செல்ல வேண்டிய வழியில் வரும் எயிற்பட்டினத்தை நமக்கு வடக்கேயுள்ள மரக்காணம் என்றும், கிடங்கிலைத் திண்டிவனத்தை ஒட்டிய ஊர் என்றும் அறிஞர் அடையாளங் கண்டுள்ளனர். ஆகவே, இக்கடற்கரை ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே சுட்டிகள் பகிரப்பட்ட நிலம் எனலாம்.

நத்தத்தனார் வெறுமனே திசை காட்டி விட்டுவிடவில்லை. எயிற்பட்டினத்தில் பரதவர் தரும் சுட்ட மீன், வேலூரில் எயினப் பெண்கள் ஆக்கிய புளிச்சோறு, ஆமூரில் நண்டுக் கலவையோடு வெண்சோறு என ஒவ்வோர் இடத்திலும் என்ன கிடைக்கும் என்பதைச் சொல்லிச் செல்கிறார். ஒருவரை ஓரிடத்துக்கு அனுப்புபவர், அங்கு ஏன் செல்ல வேண்டும் என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவர் என்னும் உணர்வு அதில் இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் ஒரு சொல்லும் சேர்க்காமல் முகவரியை மட்டும் இட்டுச் செல்லும் நம் அவசரத்தை எண்ணி நாணத்தான் வேண்டும்.

தொகுத்தவர் பெயர்

வழி சொல்வது ஒரு பணி. கண்டவற்றை ஓரிடத்தில் சேர்ப்பது மற்றொரு பணி. எட்டுத்தொகை என்னும் பெயரிலேயே பாடியோரின் பணியைவிடத் தொகுத்தோரின் பணி முன்நிற்கிறது. அகநானூற்றைத் தொகுத்தவர் மதுரை உப்பூரிகுடி கிழார் மகனார் உருத்திரசன்மர். தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ. பாடலாசிரியர் பெயரே கிடைக்காத பாடல்களுக்கும் தொகுத்தவர் பெயர் கிடைப்பதைக் காண்கிறோம். ‘இதனை நான் கண்டேன், நான் சேர்த்தேன்’ என்று பொறுப்பேற்பதை நம் முன்னோர் புலமையின் பகுதியாகவே மதித்தனர்.

சுட்டிய ஒருவரை நினைவில் வைத்திருக்கும் பண்பு அண்மைக் காலம்வரை தொடர்ந்தது. 1880ஆம் ஆண்டு அக்டோபரில் கும்பகோணத்தில் உ. வே. சாமிநாதையரைச் சந்தித்த சேலம் இராமசுவாமி முதலியார், சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என வினவினார். அந்த ஒரு வினாவே சுட்டாக அமைந்தது. 1887இல் சிந்தாமணியும் 1894இல் புறநானூறும் அச்சேறின. பெரும் புகழ் பெற்ற பின்னரும் ஐயர் தம் வரலாற்றில் முதலியாருக்கு உரிய இடத்தைக் குறைக்கவில்லை. வழி காட்டியவரை மறவாமை தொகுப்போர்க்கு முதல் ஒழுக்கம்.

புறத்திரட்டு கற்பிக்கும் பாடம்

ஆற்றுப்படை, தொகை ஆகியவற்றோடு நாம் நினைவிற்கொள்ள வேண்டிய மூன்றாம் வகை திரட்டு. ஏறத்தாழ 15ஆம் நூற்றாண்டினது எனக் கருதப்படும் புறத்திரட்டின் ஆசிரியர் பெயர் தெரியவில்லை. தாம் கற்ற நூல்களிலிருந்து பிடித்த பாடல்களைத் தேர்ந்து, திருக்குறளைப் போலப் பாலும் அதிகாரமும் வகுத்து, பொருள்வாரியாக அடுக்கி வைத்தவர் அவர். பாடல்கள் 1,500க்கும் மேற்பட்டவை. இன்றைய மொழியில் சொன்னால், தமக்குப் பிடித்த பக்கங்களைக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் குறிச்சொல் இட்டு வைத்த ஒரு தனி வாசகரின் சேகரம். 1938இல் எஸ். வையாபுரிப் பிள்ளை பதிப்பில் சென்னைப் பல்கலைக்கழக வெளியீடாக அது வந்தது.

அவ்வாசகருக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது. முத்தொள்ளாயிரம் என்னும் நூல் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. சேர சோழ பாண்டியரைப் பற்றிய அந்த வெண்பாக்களுள் இன்று நாம் வகுப்பறைகளில் வியந்து நடத்தும் நூற்றெட்டும் புறத்திரட்டு காத்துத் தந்தவை. தகடூர் யாத்திரை, ஆசிரியமாலை, வளையாபதி, குண்டலகேசி ஆகியவற்றின் பாடல்களும் அதில் உள்ளன. எப்படிக் காத்தார் என்பதே கருதத்தக்கது. ‘முத்தொள்ளாயிரத்தில் யானை பற்றிய பாடல் நன்று, காண்க’ என்று அவர் குறித்து வைத்திருந்தால் இன்று அக்குறிப்பு மட்டும் மிஞ்சியிருக்கும். அவர் பாடலை முழுமையாக எடுத்தெழுதினார். மூலம் மறைந்தது, படி நின்றது.

இதன் மறுபக்கத்தையும் காண வேண்டும். மயிலை சீனி. வேங்கடசாமி 1959இல் வெளியிட்ட ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ நூலைப் புரட்டுவோர் நெஞ்சு கனக்காமல் இருக்க இயலாது. உரையாசிரியர்கள் போகிற போக்கில் பெயர் சுட்டிய நூல்கள், ஓரிரு பாடல் மட்டும் மேற்கோளாக வந்த நூல்கள் என எத்தனையோ அதில் அணிவகுத்து நிற்கின்றன. அக்காலத்து வாசகர்க்கு அந்நூல்கள் கையெட்டும் தொலைவில் இருந்தன. ஆகவே பெயர் சொன்னால் போதும் என உரையாசிரியர்கள் நினைத்தனர். இன்று அப்பெயர்கள் உடைந்த சுட்டிகள். அழுத்தினால் எதுவும் திறப்பதில்லை.

ஆக, நம் இலக்கிய வரலாறு ஒரு செய்தியைத் தெளிவாகச் சொல்கிறது. சுட்டு வழி காட்டும், காக்காது. திரட்டே காக்கும்.

புதுச்சேரியின் படிகள்

இச்செய்திக்குப் புதுச்சேரியே சான்று தரும். துய்ப்ளெக்சின் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு, அவர் மறைந்து நெடுங்காலம் குடும்பத்தாரிடம் கிடந்தது. 1846இல் கலுவா மொம்ப்ரேன் அதனைக் கண்டறிந்து படியெடுத்தார். அக்காலத்தில் இங்குப் பணியாற்றிய எதுவார் ஆரியேலும் படியெடுத்தார். அவர் சேகரித்த தமிழ்ச் சுவடிகளோடு அது பாரீசுத் தேசிய நூலகத்தில் இடம்பெற்றது. பின்னர் 1904 முதல் 1928 வரை ஆங்கில மொழிபெயர்ப்பு 12 தொகுதிகளாகச் சென்னையில் வெளிவந்தது. ஒரு வீட்டின் பெட்டிக்குள் கிடந்த எழுத்து மூன்று ஊர்களில் வாழத் தொடங்கியதற்குக் காரணம், கண்டவர்கள் ‘இன்ன வீட்டில் இருக்கிறது’ என்று சொல்லி நிறுத்திக்கொள்ளாமல் உட்கார்ந்து எழுதியமையே.

1955இல் தோன்றிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் இவ்வழியிலேயே நடந்தது. ழான் ஃபிலியோசாவின் முயற்சியாலும் பண்டிதர் என். ஆர். பட்டின் மேற்பார்வையாலும் தென்னாட்டு ஊர்களிலிருந்தும் மடங்களிலிருந்தும் சைவ ஆகமச் சுவடிகள் திரட்டப்பட்டன. ஓலைகளைச் சேர்த்ததோடு, தாளில் படியெடுக்கும் பணியும் அங்கு நடைபெற்றது. 2005இல் யுனெஸ்கோ புதுச்சேரியின் சைவச் சுவடிகளை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஏட்டுச் சுவடியின் ஆயுள் சில நூற்றாண்டுகளே. ஓலை உதிருமுன் மற்றொருவர் புதிய ஓலையில் எழுதினால்தான் நூல் தொடரும். நாம் இன்று படிக்கும் ஒவ்வொரு சங்கப் பாடலும் அவ்வாறு பெயர் தெரியாத பலர் மறுபடி மறுபடி எழுதியதால் வந்து சேர்ந்தது.

தனியொருவர் சேகரம் பொதுச்சொத்தாவதற்குக் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் நல்லதொரு சான்று. நூல்களோடு, இதழ்களில் வந்த கட்டுரைகளை நறுக்கிப் பொருள்வாரியாகவும் சேர்த்தவர் அவர். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அச்சேகரத்தைப் பெற்றது. 1994இல் சென்னையில் உருவான ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அதனை நுண்படமாக்கித் தமிழ் ஆய்வாளர்க்கெல்லாம் திறந்துவைத்தது.

இயந்திரத்தின் நினைவு

இனி, கணினி வழியே இவ்வழக்கம் புத்துருப்பெற்ற கதையைச் சுருக்கமாகக் காண்போம். 1945இல் அமெரிக்க அறிவியலாளர் வன்னிவார் புஷ் ‘அட்லாண்டிக்’ இதழில் எழுதிய கட்டுரையில் ‘மெமெக்ஸ்’ என்றொரு கற்பனைக் கருவியை விவரித்தார். அதன் மேசையில் அமர்ந்து படிப்பவர், ஒரு பக்கத்தை மற்றொரு பக்கத்தோடு பிணைத்து ஒரு தடத்தை அமைக்கலாம். அத்தடங்களை அமைப்பதையே தொழிலாகக் கொண்ட அறிஞர் தோன்றுவர் என்றும் அவர் எதிர்பார்த்தார். அக்கட்டுரையில் ஒருவர் தம் தடத்தை நண்பருக்கு வழங்கும் காட்சி ஒன்று வருகிறது. தடத்திலுள்ள பக்கங்கள் அனைத்தையும் நிழற்படமாகப் படியெடுத்து, நண்பரின் கருவியில் சேர்க்குமாறு அவர் கொடுக்கிறார். புஷ் கண்ட கனவு புறத்திரட்டுக்காரரின் வழியிலேயே இருந்தது.

நடைமுறையில் வந்ததோ வேறு. 1993இல் வெளிவந்த மொசைக் உலாவியில் விரும்பிய முகவரிகளைக் குறித்துவைக்கும் பட்டியல் இருந்தது. அடுத்த ஆண்டு வந்த நெட்ஸ்கேப் அதற்குப் ‘புக்மார்க்’ என்று பெயரிட்டது. பாடநூலுக்குள் மயிலிறகு வைத்த கைகளுக்கு அப்பெயர் உடனே புரிந்தது. ஆனால் மயிலிறகு இருந்த நூல் நம் பையில் இருந்தது. கணினியின் குறி சுட்டும் பக்கமோ யாரோ ஒருவருடைய இயந்திரத்தில் இருந்தது. இவ்வேறுபாட்டை அன்று யாரும் பெரிதாக எண்ணவில்லை.

1994இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர் இருவர், ஜெர்ரி யாங்கும் டேவிட் ஃபைலோவும், தங்களுக்குப் பிடித்த முகவரிகளைப் பட்டியலிட்டு வெளியிட்டனர். அப்பட்டியலே யாஹூ நிறுவனமாக வளர்ந்தது. 2003இல் ஜோஷுவா ஷாக்டர் தொடங்கிய ‘டெலிசியஸ்’ ஒவ்வொருவரின் குறிகளையும் அனைவரும் காணுமாறு செய்தது. புறத்திரட்டில் ஒரு பாடல் ஓர் அதிகாரத்தின்கீழ் வரும். டெலிசியஸில் ஒரே முகவரிக்கு எத்தனை குறிச்சொற்களும் இடலாம்; அதே குறிச்சொல்லை இட்ட அயலார் ஒருவரின் சேகரத்தையும் எட்டிப் பார்க்கலாம். முன்பின் அறியாத இருவர் ஒரே விருப்பத்தால் அறிமுகமாகும் இன்பம் அதில் இருந்தது.

தமிழ்த் திரட்டிகள்

தமிழ் இணையத்தில் கால் பதித்தது 1995இல். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் கவிதைத் தளம் ஒன்றின் வழியே தமிழ் எழுத்துகள் இணையத்தில் தோன்றின. கவிதையோடு தொடங்கிய வரலாறு என்பதில் நம் வட்டத்தார் பெருமைகொள்ளலாம். 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்குமிருந்த தன்னார்வலர் தட்டச்சிட்ட நூல்களை இலவசமாக வழங்கியது. முதல் நூல் திருக்குறள். தட்டச்சிட்டவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்களை ஒவ்வொரு மின்னூலின் முகப்பிலும் குறிக்கும் வழக்கம், உருத்திரசன்மர் பெயரைக் காத்த மரபின் தொடர்ச்சியாகவே எனக்குப் படுகிறது.

2003 முதல் தமிழர் பலர் வலைப்பதிவுகள் எழுதலாயினர். எழுதுவோர் பெருகவே, எங்கு என்ன வந்துள்ளது என்று சொல்ல ஒருவர் தேவைப்பட்டார். முதலில் தனியார் சிலர் கையால் பட்டியலிட்டனர். 2004இல் காசி ஆறுமுகம் ‘தமிழ்மணம்’ தளத்தை உருவாக்கினார். புதிய பதிவுகளின் தலைப்பையும் தொடக்க வரிகளையும் தானே சேர்த்துக் காட்டும் அத்தளத்தைத் தமிழர் ‘திரட்டி’ என்று அழைத்தனர். அறிந்து வைத்தார்களோ அறியாமல் வைத்தார்களோ, புறத்திரட்டின் பெயர் மீண்டும் உயிர்பெற்றது.

இயந்திரம் செய்த பணியை மனித மனம் கொண்டு செய்தது ‘வலைச்சரம்’. வாரந்தோறும் ஒருவர் ஆசிரியப் பொறுப்பேற்று, தாம் படித்து மகிழ்ந்த பிறருடைய பதிவுகளை ஒவ்வொன்றாக அறிமுகம் செய்வார். அடுத்த வாரம் வேறொருவர். தம்முடையதை விளம்பரப்படுத்தும் ஆசை மிக்க ஓர் ஊடகத்தில், பிறருடையதைப் பாராட்டுவதற்கென்றே ஒரு மேடை பல்லாண்டுகள் நடைபெற்றது சிறு செய்தியன்று. ஆற்றுப்படையின் பாணன் அங்கே மறுபிறவி எடுத்தான். நம் புதுச்சேரியும் பின்தங்கவில்லை. புதுவை வலைப்பதிவர் சிறகம் 2007இன் இறுதியில் பயிற்சிப் பட்டறை நடத்தித் தமிழ்த் தட்டச்சும் வலைப்பதிவும் கற்பித்தது. முனைவர் மு. இளங்கோவனின் ‘இணையம் கற்போம்’ நூல் கணினிக்கு அஞ்சி நின்ற தமிழாசிரியர் பலரின் அச்சத்தைப் போக்கியது.

ஆயினும் பழைய திரட்டுக்கும் புதிய திரட்டிக்கும் இடையே ஒரு வேறுபாடு இருந்தது. புறத்திரட்டு பாடலையே கொண்டிருந்தது. திரட்டி தலைப்பையும் முகவரியையும் கொண்டிருந்தது. பெயர் திரட்டு, இயல்போ சுட்டு.

கரை அரிப்பு

இவ்வேறுபாட்டின் விலையை விரைவிலேயே கொடுத்தோம். முதல் இழப்பு எழுத்துருவால் நேர்ந்தது. ஒருங்குறி நிலைபெறுமுன் டிஸ்கி, டாப், டாம் எனப் பல குறியேற்றங்களில் தமிழ் எழுதப்பட்டது. அவற்றுள் ஒன்றில் எழுதப்பட்ட பழைய பக்கத்தை இன்று திறந்தால் புரியாத குறிகளின் குவியலே பெரும்பாலும் தென்படும். மதுரைத் திட்டத்தார் தம் நூல்களை ஒருங்குறிக்கு மாற்றிக் காத்துக்கொண்டனர். மாற்ற ஆளில்லாத பக்கங்கள் இருந்தும் இல்லாதவையாயின.

இரண்டாம் இழப்பு நிறுவனங்களின் முடிவால் நேர்ந்தது. தமிழர் பலர் தம் முதல் பக்கங்களை அமைத்த ஜியோசிட்டீஸை யாஹூ 2009இல் மூடியது. மரத்தடி, ராயர் காப்பி கிளப் போன்ற இலக்கியக் கூட்டங்கள் நடந்த யாஹூ குழுமங்களின் பழைய மடல்கள் 2019இல் நீக்கப்பட்டன. முகவரிப் பட்டியலாகப் பிறந்த நிறுவனம், எத்தனையோ முகவரிகளை வெறுமையாக்கியது காலத்தின் முரண். கூகுள் ரீடர் 2013இல் நின்றது. பல கை மாறிய டெலிசியஸ் 2017இல் புதிய குறிகளை ஏற்பதை நிறுத்தியது. பின்னர்ப் படிப்பதற்கென்று பக்கங்களைச் சேர்க்க உதவிய ‘பாக்கெட்’ 2025 ஜூலையில் மூடப்பட்டது. குறித்து வைத்த பக்கம் மட்டுமன்றிக் குறிப்பேடே காணாமற்போவது இக்காலத்தின் புதுமை.

அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013இல் இருந்த இணையப் பக்கங்களுள் 38 விழுக்காடு பத்தாண்டுகளுக்குப் பின் கிடைக்கவில்லை. இவ்வுண்மையை நான் என் ஆய்வேட்டின் வழியாகவே அறிந்தேன். முனைவர் பட்டத்துக்கென ஆண்டுக்கணக்கில் உழைத்து எழுதிய அவ்வேட்டின் பின்னிணைப்பில் இணைய முகவரிகள் பல இடம்பெற்றிருந்தன. என் மாணவி ஒருத்தி தன் ஆய்வுக்காக அவற்றைத் திறக்க முயன்று, “அம்மா, இதில் பாதிக்கு மேல் வரவில்லையே” என்று தாளை நீட்டினாள். சான்று காட்டிவிட்டதாக நான் நினைத்திருந்தேன். காட்டியது சான்று இருந்த இடத்தை மட்டுமே.

நம் ஊரார்க்கு இவ்வகை இழப்பு விளங்காததன்று. புதுச்சேரித் துறைமுகத்துக்கு 1980களின் பிற்பகுதியில் அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தன. இக்கடலோரத்தில் மணல் ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்கே நகர்வது. சுவர்கள் அதனை மறித்தன. வடபுறத்துக் கரைக்கு வர வேண்டிய மணல் வராததால் கடல் சிறுகச் சிறுக நிலத்தை உண்டது. வலை காய்ந்த இடமும் படகு ஏறிய இடமும் கண்முன்னே கடலாயின. ‘அங்கேதான் எங்கள் வீடு இருந்தது’ என்று அலையைச் சுட்டும் முதியவரை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அவர் நீட்டும் விரல் உண்மையானது. சுட்டப்படும் வீடுதான் இல்லை.

இழப்பு எப்போதும் மெல்ல வருவதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் ஓரிரவில் சாம்பலாயின. அவற்றுள் வேறெங்கும் படியில்லாதவை என்றென்றைக்குமாக மறைந்தன. அந்த வடு ஆறாத சமூகத்திலிருந்து 2005இல் ‘நூலகம்’ என்னும் மின்னூலகத் திட்டம் எழுந்தது. ஈழத்து நூல்கள், இதழ்கள், சிறு வெளியீடுகள் ஆகியவற்றை முகவரியாகக் குறிக்காமல் பக்கம் பக்கமாகப் படமெடுத்துச் சேர்க்கிறது அத்திட்டம். படியின் அருமையை நெருப்பு கற்பித்த மக்கள் அவர்கள்.

நம் குறிப்பேடு

இம்மலருக்காக நம் வட்டத்தின் பத்தாண்டுச் சுட்டிகளை ஒருங்கே அச்சிடலாம் என்று மலர்க்குழுவினர் விரும்பினர். அப்பணி என்னிடம் வந்தது. வட்டத்தின் குறிப்பேடுகளையும் வாட்ஸ்அப் குழுவின் பழைய செய்திகளையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகவரியாகத் திறந்து பார்த்தேன். தொடக்க ஆண்டுகளின் பக்கங்களில் கைகள் மட்டுமே நீண்டிருந்தன.

அவற்றுள் ஒரு முகவரி என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது. அது பெருந்தொற்றுக் காலத்தில் நாம் இழந்த நம் மூத்த கவிஞருடையது. அவர் பெயரை நான் எழுத வேண்டியதில்லை. இம்மலரைப் படிக்கும் அனைவரும் அறிவர். அச்சு நூல் வேண்டாம், இணையமே போதும் என்றிருந்தவர் அவர். தம் செலவில் தனி முகவரி பெற்றுக் கவிதைகளை அங்கேயே வெளியிட்டு வந்தார். மாதந்தோறும் நாமும் அம்முகவரியைப் பகிர்ந்து மகிழ்ந்தோம். அவர் மறைந்தபின் ஆண்டுக் கட்டணம் செலுத்த வேண்டும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. முகவரி காலாவதியாகிப் பிறர் கைக்குப் போயிற்று. இப்போது அதனைத் திறந்தால் வேற்று மொழியில் ஏதோ விளம்பரம் வருகிறது. பழைய பக்கங்களைப் படியெடுத்துக் காக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவில் தேடினேன். முகப்புப் பக்கம் மட்டும் கிடைத்தது. அதில் கவிதைத் தலைப்புகள் வரிசையாக இருந்தன. எந்தத் தலைப்பும் திறக்கவில்லை. மயிலை சீனி. வேங்கடசாமியின் நூலில் ஒரு பக்கத்தைப் படித்ததுபோல் இருந்தது.

அப்போதுதான் நம் வட்டத்தின் மூத்த உறுப்பினரான ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தம் வீட்டிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். கைபேசியில் எழுத்து சிறிதாயிருப்பதால் தமக்குப் பிடித்த கவிதைகளைப் பேத்தியைப் படிக்கச் சொல்லிக் கையால் எழுதிவைப்பது அவர் வழக்கமாம். அந்நோட்டில் நம் கவிஞரின் கவிதைகள் பதினொன்று இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் நாளும், ‘கூட்டத்தில் சொன்னது இன்னார்’ என்ற குறிப்பும் இருந்தன. இணையத்தை நன்கறிந்தவர்கள் என்று பெயர்பெற்ற நாங்களெல்லாம் சுட்டிக்கொண்டிருந்தோம். இணையம் அறியாத அவர் ஒருவர் திரட்டியிருக்கிறார்.

இனிச் செய்யத்தக்கவை

சுட்டுதலைக் கைவிடுக என்று நான் சொல்லவில்லை. சாவடியில் வழி சொல்வோர் இல்லையெனில் ஊர்கள் ஒன்றையொன்று அறியமாட்டா. சுட்டோடு திரட்டையும் சேர்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். அடுத்த கூட்டத்திலிருந்து, பகிரப்படும் ஒவ்வொன்றுக்கும் நான்கு செய்திகளைக் குறிப்பேட்டில் எழுதுவோம்: எழுதியவர் பெயர், கண்டு சொன்னவர் பெயர், பார்த்த நாள், அதனை ஏன் படிக்க வேண்டும் என்பதற்கு ஒரு வரி. பூரிக்கோவும் நத்தத்தனாரும் நமக்குக் காட்டிய முறை இது. பிறகு அப்பக்கத்தை இன்டர்நெட் ஆர்க்கைவில் சேர்ப்பிப்போம். பக்க முகவரியை அங்கு இட்டால் ஓரிரு நிமிடங்களில் படி உருவாகிவிடும், பொருட்செலவில்லை. நம் கவிஞர்கள் தம் படைப்புகளின் தாட்படி ஒன்றை வட்டத்தின் பெட்டகத்தில் ஆண்டுக்கொருமுறை வைக்கட்டும்.

பிறர் படைப்பைப் படியெடுத்துப் படிப்பதற்கும் அச்சிட்டு வெளியிடுவதற்கும் வேறுபாடுண்டு. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை அவருடைய உரிமை வாரிசுகளைச் சாரும். எனவே வெளியிடுமுன் இசைவு பெறுவதே முறை. அவ்வாறே நம் கவிஞரின் மகளை நேரில் கண்டு கேட்டோம். அவர் அந்நோட்டுப் புத்தகத்தை நெடுநேரம் கையில் வைத்திருந்துவிட்டு இசைவளித்தார். தம்மிடமும் ஒரு படி இருக்கட்டும் என்று கேட்டு, அங்கேயே அமர்ந்து பதினொரு கவிதைகளையும் தம் கையால் எழுதிக்கொண்டார்.

அக்கவிதைகள் இக்கட்டுரையை அடுத்து அச்சாகின்றன. படிப்பவர்கள் தமக்குப் பிடித்த ஒன்றையேனும் தம் கையால் எழுதிவைக்குமாறு அன்போடு வேண்டுகிறேன்.